படிச்சுக் காட்டுற வேலை எனக்கு இல்லீங்க

தண்ணி போதுமுங்க அம்மணி. டீயெல்லாம் வேண்டாம், இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சுட்டு வந்தேன். நீங்க உக்காருங்க. உங்க கொழுந்தனார் இன்னொரு சாட்சியக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சர்றேன். ரெண்டு சாட்சி வேணும்னு நேத்தே போன்ல சொல்லியிருந்தனுங்க, அவரு மறந்துட்டாரு. பரவால்லீங்க, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். கதவு தெறந்தே இருக்கட்டும்.

என் பேரு அர்த்தநாரிங்க. திருச்செங்கோட்டுல மாதேஸ்வரன் வக்கீல் ஆபீஸ்ல இருக்கறேன். அவரு நோட்டரி. கடன் குடுக்கற கம்பெனிக்காரங்க பத்திரமெல்லாம் தயார் பண்ணி எங்க ஆபீசுக்கு அனுப்புவாங்க. நான் அதை எடுத்துட்டு வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குவேன். சாயங்காலம் வக்கீலய்யா சீல் போடுவாரு. 'என் முன்னிலையில் கையெழுத்தானது'ன்னு அந்தச் சீல்ல இருக்குமுங்க. முன்னிலைன்னா அவரு வரமாட்டாரு, அவருக்குக் கோர்ட்டு வேலை இருக்குது. நான் வந்தா அவரு வந்த மாதிரி. பதினோரு வருசமா அப்படித்தான் நடக்குது.

மொதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோங்க. நான் கம்பெனி ஆள் இல்லீங்க. கடன் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நான் இல்ல, வட்டி போடறதும் நான் இல்ல. நான் வக்கீலும் இல்ல. வக்கீல்கிட்ட இருக்கறேன், அவ்வளவுதான். அப்பறம், தப்பா நெனச்சுக்காதீங்க, நான் உங்க ஆளும் இல்லீங்க. உங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல வந்தவன் இல்ல. இந்தக் காயிதத்துல இருக்கற பேரும் இங்க உக்காந்திருக்கற ஆளும் ஒண்ணுதானான்னு பாக்கோணும். யாரும் மெரட்டாம, சுயநெனவோட, நீங்களே கையால போடறீங்களான்னு பாக்கோணும். பாத்துட்டு நானும் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன். என்ற வேலை அத்தோட முடிஞ்சுது.

பேரு பரிமளம். சரிங்களா? ஊட்டுக்காரர் பேரு தங்கராசு. கதவு நெம்பர் நாலு பை முப்பத்தி ரெண்டு. வீடு உங்க பேருல இருக்குது. கடன் வாங்கறது உங்க கொழுந்தனார், ஆழ்துளைக் கெணறு தோண்டற போர் வண்டி ரெண்டாவதா ஒண்ணு வாங்கறதுக்கு. நீங்க ஜாமீன்தாரர். இதெல்லாம் காயிதத்துல இருக்கறதுங்க, நானா ஒண்ணும் சொல்லல. ஊட்டுக்காரர் வடக்கயா இருக்கறாரு? சத்தீஸ்கருங்களா. போர் வண்டியில போனவங்க ஆறு மாசம் ஆகும் வர்றதுக்கு. போன்ல போட்ருன்னு சொன்னாருங்களா. சரிங்க.

மஞ்சச் சீட்டு ஒட்டியிருக்கற எடத்துலயெல்லாம் போடோணுங்க. மொத்தம் நாப்பத்தாறு பக்கம், ஐம்பத்திரண்டு கையெழுத்து. நீல மை மட்டும்தான். ஆதார்ல எப்படியிருக்குதோ அப்படியே போடோணும். இருபது தாண்டினதும் கை வலிக்கும், அப்ப சித்த நேரம் நிறுத்திக்கோங்க. கோணலாப் போயிருச்சுன்னா கம்பெனியில திருப்பி அனுப்பிருவாங்க.

என்னுங்க?

இதுல போட்டா என்ன ஆகும்னு கேக்கறீங்களா.

அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க அம்மணி. அதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்லிட்டு இருந்தேன். எந்த எடத்துல போடோணும்னு காட்டலாம், அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லக் கூடாது. மேல தலைப்பு என்னன்னு படிக்கலாம், உள்ள என்ன இருக்குதுன்னு விளக்கக் கூடாது. நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு புரிஞ்சுட்டு, நாளைக்கு அந்த ஆளு சொன்னான்னு நீங்க கோர்ட்டுல நின்னா யாருக்குங்க கஷ்டம்? கம்பெனி நெம்பர் மொதப் பக்கத்துலயே இருக்குது. கேக்கறதுன்னா அவங்களைக் கேளுங்க.

இதே கேள்வியத்தான் துளசிமணின்னு ஒரு அம்மா கேட்டாங்க. சொல்லட்டுங்களா? உங்க கொழுந்தனார் வர்ற வரைக்கும் நேரம் இருக்குது. இன்னிக்குப் புதன்கெழமை, ராகுகாலம் பன்னெண்டு மணிக்குத்தான். நான் இப்பெல்லாம் எல்லா வீட்டுலயும் இதைச் சொல்றனுங்க. வக்கீலய்யாவுக்குத் தெரிஞ்சா வைவாரு. ஆனாச் சொல்லிட்டுத்தான் பேனாவக் குடுக்கறேன்.

மோர்ப்பாளையத்துப் பக்கம் வீடு. மூணு வருசத்துக்கு முன்னாடி மாசி மாசம், ஒரு வெள்ளிக்கெழமை. ரெண்டு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, மேல கான்கிரீட் தார்சு. ஊட்டுக்காரர் போர் வண்டியிலதான் இருந்திருக்கறாரு. ஒடிசாவுல குழி போடறப்பக் கம்பி சரிஞ்சு செத்துப் போயிட்டாராம். வண்டி மொதலாளி குடுத்ததை வெச்சு அந்த அம்மா கட்டின வீடுங்க அது. சொவத்துல அவரு போட்டோ மாட்டியிருந்துது. ஒரே பொண்ணு, சேலத்துல நர்சுக்குப் படிச்சுட்டு இருந்துது. அந்த அம்மா மில்லுல நூல் சுத்தற வேலை.

கடன் வாங்கறது அவங்க அண்ணன். செங்கோடன்னு பேரு. இருபது வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டியாச்சு, சொந்த வண்டி வாங்கோணும்னு ஆசை. அது தப்பு இல்லீங்களே. தங்கச்சி வீட்டு மேல ஜாமீன் கேட்டிருக்கறாரு. எப்படிக் கேட்டாருங்கறீங்க? தட்டு வெச்சுக் கேட்டிருக்கறாரு. நான் போறப்ப அந்தத் தட்டு அங்கயேதான் இருந்துது. வாழப்பழம், வெத்தலபாக்கு, பூவு, ஒரு பச்சைச் சீல. பொறந்த வீட்டுச் சீருங்க. தாலியறுத்த பொறகு பொறந்த வீட்டுல இருந்து வந்த மொதச் சீரு அதுதானாம், அந்த அம்மாவே சொன்னாங்க. சொல்றப்பச் சிரிச்சாங்க. தட்டை எடுத்துட்ட பொறகு காயிதத்துல போடமாட்டேன்னு எந்தப் பொம்பள சொல்லுவாளுங்க? சொன்னாப் பொறந்த வீட்டுப் படி ஏற முடியுங்களா? நாளைக்குப் புள்ள கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிக்க வேண்டாங்களா? அதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சு என்னுங்க பண்றது, என்ற வேலை அது இல்லையே.

நான் ஒம்பதே காலுக்குப் போயிட்டேன். பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். செங்கோடன் அதையே சொல்லிட்டு இருந்தாரு. 'பத்தரைக்குள்ள முடிச்சரோணுங்க, பத்தரைக்குள்ள முடிச்சரோணுங்க.' எல்லா வீட்டுலயும் அப்படித்தான். காயிதத்துல என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, நேரத்தை மட்டும் கேப்பாங்க. பையில நான் ஒரு காலண்டரே வெச்சிருக்கறனுங்க அதுக்குன்னு.

உங்ககிட்டச் சொன்ன மாதிரியே அந்த அம்மாகிட்டயும் எல்லாம் சொன்னேன். நான் கம்பெனி ஆள் இல்ல, வக்கீல் இல்ல, உங்க ஆளும் இல்லன்னு. அந்த அம்மா தலையத் தலைய ஆட்டிக் கேட்டுட்டு, உங்களாட்டமே கேட்டாங்க. 'ஏனுங்கய்யா, இதுல போட்டா எனக்கு என்னுங்க ஆகும்?'

எனக்கு அதிகாரம் இல்லீங்கன்னேன். மொதப் பக்கத்து நெம்பரைக் காட்டினேன். அந்த அம்மா போன் போட்டாங்க. தமிழுக்கு ஒண்ணை அழுத்துங்கன்னு ஒரு பொம்பளக் கொரல் சொல்லுச்சு. அழுத்தினாங்க. அப்பறம் பாட்டு. காதுல வெச்சுட்டே நின்னாங்க, பத்து நிமிசத்துக்கு மேல. நான் வாட்ச்சப் பாத்துட்டே இருந்தேன். செங்கோடன் வெளிய போயிப் போயி வந்தாரு. அப்பறம் கட்டாயிருச்சு. மறுபடியும் போடட்டுங்களான்னு என்னைக் கேட்டாங்க. நான் போடுங்கன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. போனை ஓரமா வெச்சுட்டு அந்த அம்மாவா வந்து உக்காந்துட்டாங்க.

அவ்வளவுதானுங்க. போட்டாங்க, வாங்கிட்டு வந்துட்டேன்.

கோர்ட்டுல நான் சொன்னதும் இவ்வளவுதான்.

ஆமாங்க, கோர்ட்டுக்குப் போச்சு. செங்கோடன் வண்டிய வாங்கி வடக்க எறக்கினாரு, அந்த வருசம் மழை முன்னாடியே புடிச்சுக்கிச்சு. போர் போட ஆள் இல்ல. வண்டி அங்கயே நின்னு போச்சு. எட்டு மாசத்துல அவரு போனை எடுக்கறதை விட்டுட்டாரு. எங்க இருக்கறாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரங்க இந்த அம்மா வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அந்த அம்மா யாரோ சொல்லிக் கேஸ் போட்டாங்க, என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாமயே கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு. கம்பெனித் தரப்புச் சாட்சியா என்னைக் கூப்புட்டாங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன்.

என்னுங்க பாக்கறீங்க? இல்லீங்க, ஒண்ணும் மறைக்கல.

சரி. ஒண்ணு இருக்குது. அதையும் சொல்லிர்றேன், எல்லா வீட்டுலயும் சொல்றதுதான்.

போன் கட்டாகி வந்து உக்காந்தாங்கன்னு சொன்னனுங்களே, அப்ப அந்த அம்மா, 'ஐயா, நான் ரேகை வெச்சர்றனுங்க'ன்னாங்க. கட்டைவிரலைக் காட்டினாங்க. 'எனக்குக் கையெழுத்து மெதுவாத்தானுங்க வரும், அஞ்சாவதோட நின்னுட்டேன், உங்களுக்கு நேரமாயிரும்.' எனக்கு நேரமாயிரும்னுதாங்க சொன்னாங்க.

இதுல ஒரு வெவரம் இருக்குது அம்மணி. கையெழுத்துப் போடறவங்களுக்கு நான் ஒண்ணும் படிச்சுக் காட்ட வேண்டியதில்ல. அவங்க படிச்சுப் பாத்துட்டுப் போட்டதாத்தான் கணக்கு. ரேகை வெச்சா அப்படி இல்ல. 'படிக்கக் கேட்டு, விளக்கக் கேட்டு, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்'னு ஒரு சீட்டு தனியா இணைக்கோணும். அப்பப் படிச்சே ஆகோணும். நாப்பத்தாறு பக்கம். சும்மா வரிவரியாப் படிச்சாலே ரெண்டு மணி நேரமாகும். ஜாமீன்தாரருன்னா யாரு, கடன் வாங்கினவன் கட்டாட்டி வீடு என்னாகும், முப்பத்தியோராம் பக்கத்துல எல்லாம் தெளிவாத்தானுங்க இருக்குது. அதைச் சத்தமாப் படிச்சாப் போதும். நான் ஒண்ணும் விளக்கக்கூட வேண்டியதில்ல.

மணி ஒம்பதே முக்கால். பத்தரைக்கு ராகுகாலம். பதினோரு மணிக்கு எனக்கு வேலகவுண்டம்பட்டியில இன்னொரு வீடு.

'கையெழுத்துத் தெரிஞ்சவங்க ரேகை வெக்கலாங்களா அம்மா, மரியாதையா இருக்குமுங்களா?'ன்னு கேட்டேன். அவ்வளவுதானுங்க கேட்டேன். அந்த அம்மாவுக்கு மொகமே மாறிப் போச்சு. வெக்கம். அப்பறம் ஒரு சந்தோசம். 'மில்லுல சம்பளத்துக்கு நான் கையெழுத்துத்தானுங்க போடுவேன்'னாங்க. பேனாவை வாங்கிட்டாங்க. து, ள, சி, ம, ணி. ஒவ்வொரு எழுத்தா. ஒவ்வொரு பக்கமா. நாக்கை ஓரமாக் கடிச்சுட்டு எழுதினாங்க. நல்லா இருக்குதுங்களான்னு நடுவுல ஒருவாட்டி கேட்டாங்க. நல்லா இருக்குதுங்கம்மான்னேன். பத்து இருபத்தஞ்சுக்கு முடிஞ்சுது. செங்கோடன் என் கையப் புடிச்சுக் கும்புட்டாரு. தட்டுல இருந்து ரெண்டு பழம் எடுத்து எனக்குக் குடுத்தாங்க அந்த அம்மா. பஸ்சுல தின்னேன்.

கோர்ட்டுல அந்த அம்மா இதைச் சொன்னாங்க. நான் ரேகை வெக்கறேன்னு சொன்னேன், அந்த ஐயாதான் கையெழுத்தே போடுங்கன்னாருன்னு. நீதிபதி என்னைப் பாத்து, அப்படி நடந்துதான்னாரு. எங்க வக்கீலய்யா பின்னாடி உக்காந்திருந்தாரு. நடந்துதுன்னா சீல் போச்சு, ஆபீஸ் போச்சு, என்ற வேலையும் போச்சு.

'எனக்கு அப்படி ஞாபகம் இல்லீங்கய்யா'ன்னேன்.

பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. அன்னிக்கு நின்ன எடத்துல எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. காது அடச்ச மாதிரி இருந்துது. இப்பவும் சில நாள் அப்படித்தான் இருக்குது, சோறு தின்னா ருசி தெரியறதில்ல. டாக்டர்கிட்டப் போனேன், சக்கரையான்னு பாத்தாரு, இல்லன்னுட்டாரு.

கேஸ் அந்த அம்மாவுக்கு எதிராத்தான் முடிஞ்சுது. கையெழுத்து அவங்களுதுதானே. வெளிய வந்தப்ப அந்த அம்மா வேப்பமரத்துக்கிட்ட நின்னுட்டு இருந்தாங்க, அந்தப் பொண்ணும் கூட இருந்துது. பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல. அந்த அம்மாதான் கிட்ட வந்தாங்க. கோவமெல்லாம் இல்லீங்க. 'ஐயா, நெசமாலுமே உங்களுக்கு ஞாபகம் இல்லீங்களா?'ன்னு கேட்டாங்க. ஏதோ வழி கேக்கற மாதிரிக் கேட்டாங்க. பஸ்சுக்கு நேரமாச்சுங்கம்மான்னு சொல்லிட்டு நடந்துட்டேன். பஸ்சு வர்றதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருந்துது.

போன வருசம் பங்குனியில வீட்டைப் பூட்டி சீல் வெச்சாங்க. நான் போகலீங்க, அது என்ற வேலை இல்ல. கேள்விப்பட்டதுதான். அந்த அம்மா இப்ப சேலத்துல பொண்ணு கூட, ஆஸ்டல்காரங்க குடுத்த ரூம்புல இருக்கறாங்களாம்.

அதுக்குப் பொறகுதானுங்க நான் இந்தக் கதைய வீட்டுக்கு வீடு சொல்ல ஆரம்பிச்சது. விளக்கம் சொல்லக் கூடாதுன்னுதானே இருக்குது, கதை சொல்லக் கூடாதுன்னு எங்கயும் இல்லீங்களே. காயிதத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்றதில்ல. துளசிமணின்னு ஒரு அம்மா இருந்தாங்க, இப்படி ஆச்சு, அவ்வளவுதான். சொல்லிட்டுப் பேனாவக் குடுப்பேன்.

நாப்பத்தொரு வீட்டுல சொல்லியிருக்கறேன். எத்தனை பேரு போடாம இருந்தாங்கன்னு நெனைக்கறீங்க?

ஒருத்தருமில்ல. ஒரே ஒருத்தரு கூட இல்லீங்க.

எல்லாரும் நல்லாக் கேப்பாங்க. அடப் பாவமேம்பாங்க. உச்சுக் கொட்டுவாங்க. கொமாரபாளையத்துல ஒரு அம்மா அழுதே போட்டாங்க. கண்ணைத் தொடச்சுட்டு, பேனாவைக் குடுங்கன்னு வாங்கி ஐம்பத்திரண்டு கையெழுத்தையும் போட்டாங்க. 'அவ அண்ணன் அப்படிங்க, எங்க அண்ணன் தங்கம்'னாங்க. ஒரு ரிட்டையர்டு வாத்தியாரு, மாப்பிள்ளைக்கு ஜாமீன். நான் சொன்னதைப் பூராவும் கேட்டுட்டு, நோட்டரி சட்டத்துல ரேகை பத்தி என்ன இருக்குதுன்னு எனக்கே அரை மணி நேரம் பாடம் எடுத்தாரு. அப்பறம் போட்டுட்டாரு. இன்னொரு வீட்டுல, கதை நல்லாச் சொல்றீங்களேன்னு முறுக்கு வெச்சாங்க.

மொதல்ல எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துது. போகப்போக ஒரு மாதிரி நிம்மதி வந்துருச்சு. ஏனுன்னு கேக்கறீங்களா? அப்பச் சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான். மனுசன் போடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்கார்றான். தட்டை எடுத்தாச்சு, நேரம் பாத்தாச்சு. நான் அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்து நாப்பத்தாறு பக்கத்தையும் படிச்சிருந்தாலும் அந்த அம்மா போட்டுத்தானுங்க இருப்பாங்க. வெள்ளிக்கெழமை பூரா படிச்சிருந்தாலும் போட்டிருப்பாங்க. என்னால ஒண்ணும் ஆகல. ஒவ்வொரு வீட்டுலயும் போடப்போட எனக்கு அது உறுதியாயிட்டே வந்துது. இப்பெல்லாம் ராத்திரி தூக்கம் கூட வருதுங்க.

வண்டிச் சத்தம் கேக்குது. உங்க கொழுந்தனார் வந்துட்டாருன்னு நெனைக்கறேன். இல்ல, பக்கத்து வீட்டுக்குங்களா. சரி, அவரு வர்றதுக்குள்ள மொதப் பக்கத்துல ஆரம்பிச்சர்லாமுங்க. இந்தாங்க பேனா. மூடியக் கழட்டியாச்சு. இங்க, மஞ்சச் சீட்டுக்குக் கீழ.

என்னுங்க?

போடலீங்களா.

சரிங்க. அது உங்க இஷ்டம். போடுங்கன்னு சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்ல, போடாதீங்கன்னு சொல்லவும் இல்ல. கையெழுத்தாகலன்னு எழுதிக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். எனக்கொண்ணும் நட்டமில்லீங்க.

ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா? போன் போடுங்க, நான் இருக்கறேன். வேண்டாங்களா. கொழுந்தனார் வரட்டும், அவரு மூஞ்சியப் பாத்தா மனசு மாறும். மாறாதுங்களா.

ஏனுங்க?

நான் சொன்னதுக்காகவா? அது வெறும் கதைங்க அம்மணி. நடந்ததுதான், ஆனா அது வேற, இது வேற. செங்கோடன் வேற, உங்க கொழுந்தனார் வேற. அவரு ஏற்கெனவே ஒரு வண்டி வெச்சு ஓட்டறவரு, நாலும் தெரிஞ்சவரு. ஒரே குடும்பம். நாளைக்கு ஒரே வாசல்ல எப்படிங்க நிப்பீங்க? உங்க ஊட்டுக்காரர் வந்து கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?

இல்லீங்க, நான் வற்புறுத்தல. வற்புறுத்தக் கூடாது, அது தப்பு. கேக்கறேன், அவ்வளவுதான். நாப்பத்தொரு பேரு போட்டாங்களே. படிச்சவங்க, படிக்காதவங்க, வாத்தியாரு, எல்லாருந்தானே போட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்னுங்க? ஒரு பக்கம் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு பக்கம். மொதக் கையெழுத்துத்தானுங்க கஷ்டம், அப்பறம் கை தானா வரும்.

பேனாவை மூடி வெச்சுட்டீங்க.

இத்தனைக்கும் நான் உங்களுக்கு முப்பத்தியோராம் பக்கத்தைக் கூடப் படிச்சுக் காட்டல. இப்படி ஒண்ணு நடந்துதுன்னு சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கே நீங்க மாட்டேங்கறீங்க.

அப்ப, நான் படிச்சிருந்தா அந்த அம்மாவும்.

சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியுது.

சித்த நேரம் இப்படியே உக்காந்துக்கறனுங்க. உங்க கொழுந்தனார் வந்தா நானே சொல்லிக்கறேன், உங்க மேல கோவப்பட வேண்டாம்னு. ஆனா அம்மணி, உங்க மேல எனக்குக் கோவந்தானுங்க வருது. நாப்பத்தொரு வீட்டுல நான் சேத்து வெச்ச தூக்கமுங்க அது, இந்த ஒரு வீட்டுல போச்சு. நீங்களும் போட்டிருந்தீங்கன்னா நான் நிம்மதியா எந்திரிச்சுப் போயிருப்பனுங்க.